அடுத்த சீட் எப்போது, அக்கா?

குழந்தைகளுக்கான கார் சீட் விற்கிற தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: அதில் உட்காரப் போகிறவருக்குப் பேசத் தெரியாது, பேசுகிறவர் யாரும் அதில் உட்காரப் போவதில்லை. மலேசியாவின் ஈப்போவில் ஒரு குழந்தைப் பொருள் கடையில் பதினோரு வருஷம் இந்த இரண்டு தரப்புக்கும் நடுவில் நின்றவள் நான். பிறக்கப் போகிற பிள்ளைக்கு முதல் சீட் விற்பது சுலபம். ஆசையோடு வருவார்கள், நிறம் பார்ப்பார்கள், எடுத்துக்கொண்டு போவார்கள். பிள்ளை வளர்ந்து அடுத்த சீட்டுக்கு வரும்போதுதான் சண்டை, சந்தேகம், கண்ணீர் எல்லாம். பின்சீட்டில் அலறும் பிள்ளையோடு சிவப்பு விளக்கில் மாட்டிக்கொண்டு தவித்த சக பாவிகளே, இதையெல்லாம் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

முதல் நாள்

கடையில் சேர்ந்தபோது எங்கள் வீட்டில் காரே கிடையாது. புந்தோங்கிலிருந்து பஸ் ஏறி வருவேன். முதலாளியம்மா ஒரு சீன மாது. மார்க்கெட்டில் தமிழர்களோடு வளர்ந்ததால் உடைந்த தமிழ் பேசுவார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வசந்தி, நீ கார் சீட் பகுதி" என்றார். மாதிரிக்கு வைத்திருந்த பொம்மையை ஒரு சீட்டில் உட்கார வைத்துக் கட்டிக் காட்டச் சொன்னார்.

வாரை இழுத்தேன், கொக்கியை மாட்டினேன், மறுபடி இழுத்தேன். 'டக்' என்ற சத்தம் கேட்டதும் பெருமையாக நிமிரப் பார்த்தேன். முடியவில்லை. என் சட்டைக் கையும் கடை அடையாள அட்டையின் கயிறும் பொம்மையோடு சேர்ந்து உள்ளே மாட்டியிருந்தன. குனிந்தபடியே நின்றேன். முதலாளியம்மா அவசரப்படாமல் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு வந்து கொக்கியைக் கழற்றினார்.

"பேபி கட்டச் சொன்னேன்லா வசந்தி, நீ ஏன் உன்னையே கட்டிக்கிட்டே?"

மடங்கிய கால்

காம்பாரிலிருந்து ஓர் இளம் ஜோடி வந்தது. கணவர் அங்கே கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். பையனுக்குப் பதினொரு மாதம். சீட்டைக் காரின் பின்பக்கம் பார்த்த மாதிரி மாட்டியிருந்தார்கள். அதுதான் சரி. ஆனால் கால் இடிக்கிறது, தவளை மாதிரி மடக்கிக்கொண்டு உட்கார்கிறான், உடனே முன்பக்கம் திருப்புகிற பெரிய சீட் வேண்டும் என்றார் அவர். முழங்கால், இடுப்பு, ரத்த ஓட்டம் என்று ஒரு பாடமே நடத்தினார். நானும் மாணவி மாதிரி கேட்டுக்கொண்டேன்.

பிறகு பையனைச் சீட்டில் உட்கார வைத்துக் காட்டினேன். காலைப் பார்க்கக் கூடாது சார், தலையைப் பாருங்கள். உச்சந்தலைக்கும் சீட்டின் மேல் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருக்கிறது. எடையும் எல்லைக்குள் இருக்கிறது. இந்தச் சீட்டே இன்னும் சில மாதம் தாங்கும் என்றேன். அவர் முகம் தெளியவில்லை. அதுவரை வாயே திறக்காமல் பையனுக்கு ரொட்டி ஊட்டிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தார்.

"இவரு தூங்குறப்ப நீங்க பாக்கணும் அக்கா, இதே மாதிரிதான் கால மடக்கிக்குவாரு. அதுக்காக நாங்க கட்டில மாத்திட்டோமா?"

மடியில் வளர்ந்தவன்

சித்தியவானிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மகன், மருமகள், மாமியார். மருமகள் கையில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. மாமியாருக்குக் கடைக்குள் நுழைந்ததிலிருந்தே கோபம். "நாங்கல்லாம் மடியில வச்சுதான் வளத்தோம். பிள்ளைய யாராச்சும் கயித்துல கட்டுவாங்களா? மாட்டையா கட்டுறீங்க?" என்றார். மகன் கூரையைப் பார்த்தான். மருமகள் என்னைப் பார்த்தாள்.

நான் வழக்கமாகச் சொல்கிற சட்டம், பரிசோதனை எதையும் அன்று சொல்லவில்லை. என் கதையைச் சொன்னேன். கோலா கங்சார் ஆஸ்பத்திரியிலிருந்து என் மூத்தவனைத் தோட்டத்து லாரியில்தான் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். முன்சீட்டில் நான், மடியில் அவன். ஓட்டிய அண்ணன் நத்தை மாதிரிதான் ஓட்டினார். அப்படியும் ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து ஒரு மாடு குறுக்கே வந்தது. அவர் பிரேக்கை அழுத்தியதில் பிள்ளை துணியோடு நழுவி என் காலடியில் போய் விழுந்தான். ஒன்றும் ஆகவில்லை, அழக்கூட இல்லை. ஆனாலும் வீட்டுக்காரரிடம்கூட நான் அதைச் சொல்லவில்லை. "அன்னிக்கு இறுக்கித்தான்மா பிடிச்சிருந்தேன்" என்றேன்.

அந்த அம்மா குழந்தையின் காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் காதருகே வந்தார். ரகசியம் என்றுதான் நினைத்துச் சொன்னார், கடை முழுக்கக் கேட்டது.

"நானும் ஒரு தடவ கீழ விட்டுட்டேன்லா. இவனத்தான்."

மோட்டரில் வந்த ஜோடி

ஒரு சனிக்கிழமை காலை இரண்டு ஹெல்மெட்டோடு ஒரு ஜோடி உள்ளே வந்தது. ஊர் சுங்கை சிப்புட் பக்கம், முன்பு தோட்டமாக இருந்து இப்போது வீடுகளாகிவிட்ட இடம். பையன் தொழிற்சாலையில் வேலை, பெண் பள்ளிக்கூடக் கேண்டீனில். குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஒரு மணி நேரம் எல்லாச் சீட்டையும் அமுக்கிப் பார்த்து, நான்கு வயது வரை வருகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். உங்கள் காரில் சரியாக உட்காருகிறதா பார்த்துவிடலாம், எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கார் (எங்கள் பேச்சில் காடி) இன்னும் வாங்கவில்லையாம். இந்த மாதமோ அடுத்த மாதமோ பழைய கார் ஒன்று பார்க்கப் போகிறார்களாம். போன வாரம் மழையில் பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு மோட்டர் சைக்கிளில் வந்தபோது அந்தப் பெண் எடுத்த முடிவு அது. காரைப் பார்த்த பிறகு சீட் வாங்குவதுதான் முறை என்று நான் எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. கடைசியில் அவன் அந்தச் சீட்டைப் புத்தகப் பை மாதிரி முதுகில் மாட்டிக்கொண்டான். அவள் பின்னால் உட்கார இடமில்லாமல் பஸ் நிலையத்துக்கு நடந்தாள். போகும்போது திரும்பிச் சிரித்தாள்.

"சீட்டு வாங்கியாச்சு அக்கா, இனி இதுக்குத் தோதா ஒரு காடி பாக்கணும்."

பன்னிரண்டு கிலோ பேரன்

இந்த வாடிக்கையாளரை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பும் வரும், வேறொன்றும் வரும். யாழ்ப்பாணத் தமிழர். நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை. கூடவே மனைவி. மகன் மெல்பர்னில் இருக்கிறான். பேரனுக்கு இரண்டு வயது. முதல் தடவையாக வீட்டுக்கு வருகிறார்கள். விமான நிலையத்திலிருந்து அழைத்து வர சீட் வேண்டும்.

பிள்ளையை உட்கார வைத்துப் பார்க்காமல் எப்படி ஐயா தேர்ந்தெடுப்பது என்றேன். அவர் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தார். காரிலிருந்து ஒரு பத்துக் கிலோ அரிசிப் பையையும் இரண்டு கிலோ சீனியையும் தூக்கி வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு நூலை எடுத்தார். அதில் இரண்டு முடிச்சு. உட்கார்ந்த நிலையில் தோள் வரை ஒன்று, உச்சி வரை ஒன்று. மகனிடம் போனில் அளக்கச் சொல்லி, அதன்படி முடிந்திருந்தார். நாங்கள் அரிசியை உட்கார வைத்தோம், சீனியை மேலே வைத்தோம், நூலைப் பிடித்து வார் எந்த உயரத்தில் வர வேண்டும் என்று பார்த்தோம். அவர் ஒவ்வொரு சீட்டுக்கும் குறிப்பெடுத்தார். மூன்றாவது சீட் சரியாக வந்தது. வாரை மாட்டி, தோளருகே அதைத் துணி மாதிரி கிள்ளிப் பார்த்து, விரலில் பிடிபடவில்லை, இவ்வளவு இறுக்கம் போதும் என்று காட்டினேன்.

சீட்டைப் பெட்டியில் கட்ட, அரிசிப் பையை எடுக்கப் போனேன். அந்த அம்மா என் கையைத் தடுத்தார். அரிசியையும் சீனியையும் சேர்த்து அணைத்துத் தூக்கினார். இடுப்பில் வைத்துக்கொண்டார். கடை நடுவில் அப்படியே நின்று கணவரைப் பார்த்தார்.

"நல்ல பாரமாத்தான் இருக்கிறான், என்னப்பா?"

அழுகை

செல்வி கோலா கங்சாரில் ஒரு பேங்கில் வேலை பார்த்தாள். தினமும் மகளைத் தன் அம்மா வீட்டில் விட அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். அந்த அரை மணி நேரமும் பிள்ளை அலறும். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் அம்மா முகம் தெரியவில்லை, அதுதான் காரணம் என்றாள். முன்பக்கம் திருப்பி உட்கார வைக்கிற சீட் கொடுங்கள் என்று வந்து நின்றாள். குழந்தைக்கு அப்போது ஒரு வயதுகூட நிறையவில்லை.

கழுத்து இன்னும் உறுதியாகவில்லை, முன்னால் இடித்தால் தலை தாங்காது, வளர்ந்தபின்னும் பின்பக்கமே பார்த்து உட்காரக்கூடிய பெரிய சீட் தருகிறேன் என்று சொன்னேன். செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. மூன்று மாதமாகச் சரியாகத் தூங்காத கண். "உங்களுக்கு விக்கத் தெரியும் அக்கா. அந்த அழுகையைத் தினமும் கேக்குறது நான்" என்று கத்தினாள். கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் நான் சொன்ன சீட்டைத்தான் எடுத்தாள். ஆனால் நன்றி சொல்லாமல், என் முகத்தைப் பார்க்காமல் போனாள். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது, அவள் சொன்னது சரியோ என்று எனக்கே தோன்றியது.

ஐந்தாறு மாதம் கழித்து அதே சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னால் கணவன், அவன் தோளில் பிள்ளை. திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். சீட்டை மேசைமேல் வைத்தாள். மழையில் நெடுஞ்சாலைச் சரிவில் முன்னால் போன லாரி திடீரென்று நின்றிருக்கிறது. இவள் கார் வழுக்கி நேராக அதன் பின்புறத்தில் போய் இடித்திருக்கிறது. செல்வியின் மணிக்கட்டில் கட்டு. பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. சீட்டிலும் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் பயன்படுத்தலாமா என்று கணவன் கேட்டான். கூடாது தம்பி, வெளியே தெரியாமல் உள்ளே விரிசல் இருக்கும், அது தன் வேலையை முடித்துவிட்டது, புதிது வேண்டும் என்றேன். அவன் சரி என்று தலையாட்டினான்.

செல்வி மட்டும் பழைய சீட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இடிச்சப்புறம் பின்னால சத்தமே இல்ல அக்கா. திரும்பிப் பாக்கவே பயந்துட்டேன். அப்புறம் அழுதா பாருங்க… அத மாதிரி ஒரு சத்தத்த நான் கேட்டதே இல்ல."

கடைசித் துளை

கடையை மூடப்போகிற மாதத்தில் நடந்தது. எல்லாரும் போனிலேயே வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்களுக்கு மிச்சம் பெட்டிகளும் தூசியும்தான். என்னோடு ஏழு வருஷம் வேலை பார்த்த ஐனா மலாய்க்காரப் பெண், என்னோடு பழகிப் பழகித் தமிழ் நன்றாகவே பேசுவாள். எத்தனையோ தாய்மாருக்குச் சீட் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவள். அவளுக்கே ஒரு பையன் பிறந்து பதினைந்து மாதம் ஆகியிருந்தது. அன்று அவனையும் சீட்டையும் கடைக்குக் கொண்டு வந்திருந்தாள்.

வாரைக் கடைசித் துளைக்கு ஏற்றியாயிற்று. அப்படியும் தோள் அதைத் தாண்டிவிட்டது. இது முடிந்துவிட்டது, அடுத்தது பார் என்று வேறொருவரிடம் அவளே சொல்லியிருப்பாள். இப்போது தரையில் உட்கார்ந்து, அவனை நிமிர்த்தி வைத்து, சாய்த்து வைத்து, மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பையனோ எழுந்து ஓடுவதிலேயே குறியாக இருந்தான். பக்கத்திலேயே புதிய சீட்டுகள் வரிசையாக இருந்தன. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நானும் அவளோடு தரையில் உட்கார்ந்தேன். அவனை நேற்றுத்தான் துணியில் சுற்றி, அந்தச் சீட்டில் வைத்து வாசலில் வழியனுப்பிய மாதிரி எனக்கும் இருந்தது.

"இன்னொரு தடவ அளந்து பாருங்க அக்கா. இவன் போன மாசம்தானே பிறந்தான்?"

உட்காருகிறவர் அழ, வாங்குகிறவர் முனக, இருவரும் பழகி முடிப்பதற்குள் சின்னதாகிப்போகிற ஒரு நாற்காலியை விற்றே நானும் என் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டேன் என்றால், எனக்கே இன்னும் நம்ப முடியவில்லை.