பாலாடை ஒத்திகை

டவுன்ஷிப்பில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதல் கேள்வி, எந்த மைன்ஸ், எந்த ஷிஃப்ட் என்பதுதான். என்னிடம் கேட்டால் பேச்சு அதோடு நின்றுவிடும். குவார்ட்டர்ஸ் மனைவி பெயரில் இருக்கிறது; அவள் சுரங்க ஆபீசில் பர்மனென்ட். மந்தாரக்குப்பத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு எடுக்கும் மகள் கான்ட்ராக்ட். நான் வீட்டில் உட்கார்ந்து நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். இதற்கு இங்கே வகை கிடையாது. ஃபேன், ட்யூப்லைட் மாதிரி குவார்ட்டர்ஸோடு சேர்ந்த சாமான் என்று வைத்துக்கொள்ளலாம்.

எனவே, மகள் வேலைக்குத் திரும்பினால் பகலில் பேரனுக்குப் பால் புகட்டுவது யார் என்ற கேள்வி எழுந்தபோது எல்லோரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை. மகளுடைய விடுப்பில் பெரும்பகுதி, பிரசவத்துக்கு முன்பே டாக்டர் படுக்கச் சொன்னதில் கரைந்துவிட்டது. குழந்தைக்கு மூன்று மாதம்தான் முடிந்திருந்தது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர ஒரு சொட்டு வேறில்லை என்பதில் அவள் உறுதியாக இருந்தாள்.

"எடுத்து வச்ச பாலை பாலாடையில குடிச்சான்னா வேலைக்குப் போறேன். இல்லைன்னா ராஜினாமா லெட்டர் எழுதிக் குடுத்துடறேன்" என்றாள். சொல்லிவிட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். லெட்டர் எழுதப்போகிற முகம் அது இல்லை.

அங்கன்வாடியில் வாராவாரம் பாலூட்டும் தாய்மார்களுக்குக் கூட்டம் நடக்கும். யார் புகட்டப்போகிறாரோ அவரையும் கூட்டி வரச் சொல்லியிருந்தார் செவிலியர். போனேன். உள்ளே சுற்றிலும் தாய்மார்கள், நடுவில் குழந்தைகளுக்கான குட்டி நாற்காலி ஒன்று. அதுதான் எனக்கு.

பக்கத்து வடக்குத்து கிராமத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம், எனக்குக் கேட்கும்படியே ரகசியம் பேசினாள். "இந்த ஐயா இன்னாத்துக்குக் குந்திகினு இருக்காரு?"

"தாத்தாதான் பால் குடுக்கப் போறாராம்."

"எங்கூட்டுக்காரரு டம்ளர்ல தண்ணியே எடுத்துக் குடுக்க மாட்டாரு. இவர நல்லா பாத்துக்க."

செவிலியர் என் மடியில் ஒரு ரப்பர் பொம்மையை வைத்து, சங்கு மாதிரி மூக்கு வைத்த பாலாடையில் தண்ணீர் ஊற்றிக் கையில் கொடுத்தார். தலையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். பாலாடையின் மூக்கை உதட்டோரம் வைத்து லேசாகச் சாய்க்க வேண்டும். குழந்தை விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும். நான் சாய்த்த வேகத்தில் பொம்மையின் காது வழியாகத் தண்ணீர் வந்தது.

"ஐயா, பொழச்சிக்கும், விடுங்க" என்றார் செவிலியர். சிரித்து முடித்த பிறகு மகளிடம், "நீ புகட்டாத. நீ வூட்லயும் இருக்காத. அம்மா பக்கத்துல இருந்தா கொழந்த அவ்ளோ சீக்கிரம் பாலாடைய தொடாது" என்றார். மகள் பெரிதாகத் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்து ஒத்திகை ஆரம்பித்தோம். முதல் நாள் அவள் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டாள். குழந்தை வாயை இறுக்கி மூடிக்கொண்டு கத்தினான். மூடிய வாயோடு கத்துவது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து, "அப்பா, தலையைத் தூக்கிப் பிடி!" என்று சத்தம். குழந்தை உடனே கதவைப் பார்த்தான். கதவு திறந்தது. ஒத்திகை முடிந்தது.

அடுத்து அவளை எதிர் குவார்ட்டர்ஸுக்கு அனுப்பினோம். அங்கே ஜன்னலோரம் நின்றுகொண்டு நிமிஷத்துக்கொரு தரம் போன் செய்தாள். இவன் அழுகை தெரு தாண்டிக் கேட்க, செருப்பில்லாமல் ஓடி வந்தாள். ஞாயிற்றுக்கிழமைவரை அவன் பாலாடையில் குடித்தது பூஜ்யம்; என் சட்டைகள் குடித்ததுதான் அதிகம்.

"உன் பேரனைச் சமாளிச்சிடலாம். உன் பொண்ணை எப்படி வெளிய அனுப்பறது?" என்றேன் மனைவியிடம்.

"சின்ன வயசுல அவ அழுதப்ப நீங்க மட்டும் வீட்டுக்குள்ள உக்காந்திருந்தீங்களா? எல்.கே.ஜி. சேத்த அன்னிக்கு ஸ்கூல் காம்பவுண்டைப் புடிச்சிக்கிட்டு நின்னது யாரு?" என்றாள். பர்மனென்ட் ஊழியர்களுக்கு ஞாபகசக்தி அதிகம்.

அவள் பள்ளிக்குத் திரும்பவேண்டிய திங்கள்கிழமை விடிந்தது. மகள் குழந்தைக்கு வயிறாரக் கொடுத்துவிட்டு, எடுத்த பாலை மூடிபோட்ட கிண்ணத்தில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தாள். மேலே ஒரு சீட்டு: "அப்பா, இது காபிக்கு இல்லை." ஸ்கூட்டியை ஸ்டார்ட் செய்தாள், நிறுத்தினாள், மறுபடி ஸ்டார்ட் செய்தாள். மனைவி கேட்டைத் திறந்து பிடித்தபடி நின்றாள். மகள் போனதும் தானும் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டாள்.

பசி நேரம் வந்ததும் பேரன் ஆரம்பித்தான். கிண்ணத்தை வெந்நீரில் வைத்து, குளிர்ச்சி போனதும் எடுத்தேன். வாய் திறக்கவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டினேன். அறை, சமையலறை, பின்பக்கத்து மாமரம், துணிக்கொடி. ஒவ்வொரு இடத்திலும் அழுகையை நிறுத்தி உற்றுப் பார்த்தான். அம்மா இல்லை என்று தெரிந்ததும் மறுபடி தொடங்கினான். கடைசியில் பார்க்க இடம் எதுவும் மிச்சமில்லை. அப்போது என்னைப் பார்த்தான். ரிசர்வேஷன் கிடைக்காமல் பொதுப் பெட்டியில் ஏறுகிறவன் முகம்.

பாலாடையை உதட்டோரம் வைத்தேன். நாக்கு எட்டிப் பார்த்தது. ஒரு மிடறு. காத்திருந்தேன். இன்னொரு மிடறு. எழுத்தில்கூட நான் இவ்வளவு நிதானமாக இருந்ததில்லை. கிண்ணம் காலியானபோது தோளில் ஏப்பம் விட்டுவிட்டுத் தூங்கிப்போனான். ஆடாமல் அசையாமல், யாரிடமாவது சொல்லவேண்டும்போல உட்கார்ந்திருந்தேன்.

இடைவேளையில் போன் வந்தது.

"குடிச்சானா?"

"குடிச்சான்."

"எவ்வளவு?"

"எல்லாத்தையும்."

"அழுதானாப்பா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்தானா?"

அந்தக் குரல் இறங்கியதைக் கேட்ட பிறகுதான் நான் உண்மையை முழுதாகச் சொன்னேன். "ரொம்ப அழுதான்மா. ரூம் ரூமா உன்னைத் தேடினான். மரத்துகிட்ட கூடத் தேடினான். நீ இல்லைன்னு ஆனப்புறம்தான் என்கிட்ட குடிச்சான்."

"அப்படியா?" என்றாள். சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள், மறுபடி சிரித்தாள். பின்னால் மணி அடித்தது. "அப்பா, டென்த் பி. வைக்கிறேன்" என்றாள். போனை அணைக்க மறந்தே நடந்தாள் போலிருக்கிறது. பெஞ்சுகள் நகர்ந்து பிள்ளைகள் எழுந்து நிற்கும் சத்தமும், "உக்காருங்க, நோட்டை எடுங்க" என்று அவள் அதட்டுவதும் கேட்டன. பேரனை எழுப்பாமல், வகுப்பு முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.