அடியில் கட்டிய கம்பளி

குரங்கணியில் மலையேறும் ஜீப்புக்குக் காத்திருந்தபோதுதான் அவரைப் பார்த்தேன். ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண், ஐம்பது வயதிருக்கும். தலையில் துண்டு, சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. எதைச் சொன்னாலும் சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிடுவார். மரங்களுக்கிடையே கட்டித் தூங்கும் என் துணிப் படுக்கையைப் பார்த்ததும், “இது என்னப்பு, பெரியாளுக்குத் தொட்டிலா?” என்றார்.

உற்சாகமாகக் கட்டிக் காட்டினேன். போன தடவை மலைக் குளிரில் இரண்டு கம்பளி இருந்தும் முதுகு விறைத்து, தூங்க முடியாமல் படுக்கையிலிருந்து இறங்கிவிட்டதையும் சொன்னேன்.

“கம்பளிய எங்க போட்ட?”

“ஒண்ணு மேல, ஒண்ணு முதுகுக்கு அடியிலக்கா.”

“நீ படுத்து அமுக்குனா அது எப்படிச் சூடு குடுக்கும்? தொட்டில்ல பிள்ளைக்கும் அடியிலதான் குளிரும். வெளிய கட்டணும், தொட்டும் தொடாம.”

சொன்னதோடு நிற்கவில்லை. என் கம்பளியைப் பிடுங்கி, படுக்கைக்கு வெளியே அடியில் தொங்கவிட்டு, இரு முனைகளையும் கயிற்றோடு முடிந்தார். அதற்குள் ஜீப் வந்துவிட்டது. “வெரசா வாக்கா!” என்று ஜீப்பில் இருந்தவர்கள் கத்தினார்கள். அவரோ படுக்கையில் ஏறி, கால்களை வீசி நன்றாக ஆடிவிட்டுத்தான் ஓடினார்.

அன்று இரவு மலைமேல் நண்பர் ஒருவரின் தோட்டத்தில் அதேபோல் கட்டிப் படுத்தேன். வெயில் முகத்தில் விழுந்தபோதுதான் விழித்தேன். முதுகு கதகதவென்றிருந்தது. “தூங்கிட்டேன்!” என்று தோட்டமே கேட்கக் கூவினேன்.

ஜீப்பையே நிற்கவைத்து அவர் ஆடியது முடிச்சைச் சோதிக்கவா, ஆசைக்கா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.