பத்தொன்பது பேர் எழுதிய ஒரே முதல் வரி

கடிதம் காலை பத்து மணிக்கு வந்தது. கொண்டுவந்த பியூன் கையெழுத்து வாங்கும்போது டெலிபோன் ஆபரேட்டர் லைனக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவளுக்கு அது ஒன்றே போதும். முகத்தைப் பார்க்காமல் நீட்டுகிற கவரில் நல்ல செய்தி இருந்ததாகச் சரித்திரமே இல்லை.

எழுத்தர் பதவிக்காகப் போன மாதம் நடந்த உள்தேர்வில் பத்தொன்பது பேரின் கட்டுரைகள் ஒரே வாக்கியத்தில் தொடங்குகின்றன. கட்டுரைத் தலைப்பை வெளியூர்த் தேர்வாளர் முந்தின நாள் நிர்வாக அலுவலகத்துக்குத் தொலைபேசியில்தான் சொன்னார். அந்த அழைப்பை இணைத்தது நீங்கள். இன்று மாலை நான்கு மணிக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவும். கடிதம் அவ்வளவுதான். சுற்றி வளைக்காமல் சொன்னால், ஒட்டுக்கேட்டாய், கேட்டதைப் பத்தொன்பது பேருக்கு ஓதிவிட்டாய் என்கிறார்கள்.

லைனக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்தாள், மறுபடியும் எடுத்து மாட்டிக்கொண்டாள். தொலைபேசி இணைப்புப் பலகையில் மூன்று விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதலில் அவள் காதில்தான் விழும். எந்த வார்டு, எந்த டாக்டர் என்று கேட்டு இணைத்துவிடுவாள். அதனால் லைனக்கா. அவளைவிட வயதில் மூத்த டாக்டர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அவள் இங்கே வந்தது தரை துடைக்க. மூன்று வருடம் வாளியும் துடைப்பமுமாக இருந்தவள், ஆபரேட்டர் வேலைக்கு இதே மாதிரி உள்தேர்வை எழுதி ஒரே தடவையில் தேறினாள். வாளியிலிருந்து ஹெட்போனுக்கு வந்தவள் என்றால் கீழே இருப்பவர்கள் சும்மா விடுவார்களா? லிஃப்ட்காரர், சலவைக்கூடத்துப் பெண்கள், வார்டு உதவியாளர்கள் என்று ஒவ்வொருவராக வந்து, "எங்களுக்கும் சொல்லிக்குடுங்கக்கா" என்று நின்றார்கள். சாப்பாட்டு நேரத்தில் பலகை அறைக்குப் பின்னாலிருந்த சாமான் அறையில் பாடம் நடந்தது.

கணக்கு அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கட்டுரைதான் எமன். வெள்ளைத் தாளைப் பார்த்ததும் கை மரத்துவிடும். அந்தப் பயம் லைனக்காவுக்குத் தெரியும், அவளும் பட்டதுதான். அதற்கு அவளிடம் ஒரு மருந்து இருந்தது. தன் தேர்வில் அவள் எழுதிய முதல் வாக்கியம். தாளில் சரியாக மூன்று வரி பிடிக்கும்.

'மனிதன் தோன்றிய நாள் முதல் இன்று வரை, அவன் வாழ்வின் ஒவ்வொரு படியிலும் உடன் நின்று, அவனை உயர்த்தி வருவனவற்றுள் இன்னது தலையாயது என்றால் அது மிகையாகாது.'

'இன்னது' என்ற இடத்தில் தலைப்பைப் போட வேண்டும். கல்வி போடலாம், உழைப்பு போடலாம், சுத்தம் போடலாம். எந்தப் பானைக்கும் பொருந்துகிற மூடி. "இத எழுதி முடிக்கிறதுக்குள்ள நடுக்கம் நின்னுடும். அப்புறம் தானா வரும்" என்பாள். தன்னைத் தேற வைத்தது அந்த வாக்கியம்தான் என்று அவள் சத்தியமாக நம்பியிருந்தாள்.

இந்த வருடத் தலைப்பு 'மருத்துவமனையில் தீ விபத்து'. பத்தொன்பது பேரும் பயபக்தியோடு போட்டார்கள். மனிதனை உயர்த்தி வருவனவற்றுள் தீ விபத்து தலையாயது என்றால் அது மிகையாகாது. திருத்தியவர் முதல் தாளில் சிரித்திருப்பார், இரண்டாவதில் முறைத்திருப்பார், பத்தாவதில் திருத்துவதை நிறுத்திவிட்டுப் புகார் எழுதியிருப்பார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

லைனக்கா ஒட்டுக்கேட்கவில்லை. இணைத்த கையோடு தன் பக்கத்து லைனை மூடிவிடுவது அவள் வழக்கம். ஆனால் அதை யார் பார்த்தார்கள்? காதுக்குச் சாட்சி கிடையாது. வேலை போனால் நாற்பத்தேழு வயதில் யார் கூப்பிட்டு வேலை தருவார்கள்? முறைகேடு என்று முடிவானால் அந்தப் பத்தொன்பது பேரும் ஐந்து வருடம் தேர்வு எழுத முடியாது. சலவைக்கூடத்து அம்மாவுக்கு இப்போதே ஐம்பத்து மூன்று. அவருக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

அச்சகத்தில் பைண்டராக இருக்கும் கணவருக்குப் போன் போட்டாள். "ஒண்ணும் தெரியாதுன்னு எழுதிக் குடுத்துட்டு வா. மடியில கனமில்லன்னா வழியில என்ன பயம்?" என்றார் அவர். இந்தப் பழமொழியைக் கண்டுபிடித்தவருக்கு நாலு மணிக் கெடு வைத்து யாரும் கடிதம் அனுப்பியதில்லை போலிருக்கிறது.

ஒரு மணிக்கு லிஃப்ட்காரர் கதவை மெல்லத் திறந்து தலையை நீட்டினார்.

"அக்கா, கவலப்படாதீங்க. எங்களையும் கூப்பிட்டுக் கேட்டாங்க. உங்க பேரு வெளிய வரவே இல்ல. எல்லாரும் பேசி வச்சுக்கிட்டோம்."

"என்னன்னு சொன்னீங்க?"

"அந்த வரி தானா தோணுச்சுன்னு."

"பத்தொன்பது பேருக்கும் தானா தோணுச்சா?"

லிஃப்ட்காரர் கொஞ்சம் யோசித்தார். "அப்படித்தான்க்கா முடிவாச்சு" என்றார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். லைனக்காவுக்கு இப்போது அவர்களுடைய அன்பே பேயாகத் தெரிந்தது. இனி யார் நம்புவார்கள்?

இரண்டு மணிக்குத் தாளை எடுத்தாள். இத்தனை பேருக்கு ஆரம்பிக்கச் சொல்லிக்கொடுத்தவளுக்கு ஆரம்பம் வரவில்லை. கை மரத்தது. கண்ணை மூடிக்கொண்டு பேனாவை வைத்தாள். திறந்து பார்த்தால், 'மனிதன் தோன்றிய நாள் முதல் இன்று வரை' என்று தாளில் இருக்கிறது. தீயை மிதித்தவள் போலத் தாளைக் கிழித்தாள். குப்பைக்கூடையில் போட்டால் யாராவது எடுத்துப் பார்ப்பார்கள் என்று துண்டுகளைக் கைப்பைக்குள் திணித்தாள். இன்னொரு தாள். அதிலும் மனிதன் தோன்றினான்.

விளக்கு எரிந்தது. எடுத்தாள்.

"என் மனைவிக்குப் பேச்சு வரல. பத்து நிமிஷமா வாய் கோணியிருக்கு" என்றது ஓர் ஆண் குரல்.

அவசரப் பிரிவுக்கு இணைத்தாள், தன் லைனை மூடினாள். இத்தனை வருடமாகப் பயந்தவர்களின் முதல் வாக்கியத்தை முதலில் கேட்பவள் அவள்தான். ஒருவர்கூடச் சுற்றி வளைத்ததில்லை. அவளுக்கும் இப்போது அதே பயம்தான். தாளை இழுத்து எழுதினாள்: 'அந்த வரியை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்.'

அதற்கு மேல் ஒரு சொல்கூட வரவில்லை. நான்கு மணி ஆகிவிட்டது.

நிர்வாக அதிகாரிக்கு ஆஸ்பத்திரி வைத்திருக்கும் பெயர் 'ஸ்கேல்'. லைனக்காவைவிடப் பத்து வயது சின்னவர். கோடு போட்டதுபோல் நிற்பார், பேசுவார். மேஜைக் கண்ணாடியின் மேல் அந்த ஒற்றை வரித் தாளை வைத்துப் படித்தார்.

"ஒரே வரிதானா?"

"அதுக்கு மேல கை வரல மேடம்."

"யாரும் சொல்லிக்குடுக்கலன்னு பத்தொன்பது பேரும் சாதிக்கிறாங்க."

"பயந்துட்டாங்க மேடம். பொய் சொல்லிப் பழக்கமில்ல."

"தலைப்பு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

லைனக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "தெரிஞ்சிருந்தா, தீ விபத்து மனுஷன உயர்த்துதுன்னு எழுத விட்டிருப்பேனா மேடம்?"

ஸ்கேலின் உதட்டோரம் லேசாக அசைந்தது. உடனே நேரானது. இழுப்பறையிலிருந்து லைனக்காவின் பணிக் கோப்பை எடுத்து, பழுத்துப்போன ஒரு தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவளுடைய உள்தேர்வு விடைத்தாள். இருபத்திரண்டு வருடம் முந்தினது.

"அன்னைக்கே இதே வரிதான். அதனால தலைப்பு கசியலன்னு எனக்குக் காலையிலேயே தெரிஞ்சுபோச்சு. இருந்தாலும் நீங்க உண்மையச் சொல்றீங்களான்னு பார்க்கணும்னு இருந்துச்சு."

காலையிலேயே. ஒரு மனுஷியை ஆறு மணி நேரம் உயிரோடு வறுத்துவிட்டு இவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வேறொரு நாளாக இருந்தால் லைனக்காவுக்குக் கோபம் வந்திருக்கும். இப்போது வரவில்லை. அவள் கண் தாளை விட்டு நகரவில்லை.

தலைப்பு, 'தொலைபேசியின் பயன்'. அதன் கீழ் அவளுடைய அந்த வாக்கியம். மூன்று வரியையும் சிவப்பு மையில் குறுக்கே அடித்திருந்தார் அன்றைய தேர்வாளர். நான்காவது வரிக்கு ஓர் அம்புக்குறி. பக்கத்தில், 'கட்டுரை இங்கேதான் தொடங்குகிறது.'

நான்காவது வரி இது: 'என் அப்பா இறந்த செய்தி எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் கிடைத்தது.'

இதை எழுதியது அவளுக்கு நினைவே இல்லை. அடித்துப்போட்ட மூன்று வரியைத்தான் இத்தனை காலம் பொத்தி வைத்து ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கிறாள். தேற வைத்த வரியை மறந்துவிட்டாள். அவள் ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, அப்பாவின் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தார்கள். ஸ்கேலின் எதிரில் அழக் கூடாது என்றுதான் நினைத்தாள், முடியவில்லை.

ஸ்கேல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "வியாழக்கிழமை பத்தொன்பது பேரும் கட்டுரைய மறுபடி எழுதட்டும். புதுத் தலைப்பு. இந்த வரி மட்டும் இருக்கக் கூடாது. நீங்களே சொல்லிடுங்க."

லிஃப்ட் வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். வேலை போய்விட்டதா என்று எல்லா முகமும் கேட்டது. லைனக்கா விஷயத்தைச் சொன்னாள். ஒரு நொடி நிம்மதி. அடுத்த நொடி, அவளைக் காலையிலிருந்து ஆட்டிய பயம் அப்படியே அவர்கள் முகத்தில் ஏறியது.

"அந்த வரி இல்லாம எப்படிம்மா ஆரம்பிக்கிறது? வெள்ளத் தாளப் பார்த்தா எனக்கு உசுரே போயிடுமே" என்றார் சலவைக்கூடத்து அம்மா.

"எழுதுங்க. கை நடுக்கம் நிக்கிற வரைக்கும் அதையே எழுதுங்க. அப்புறம் மூணு வரியையும் நீங்களே அடிச்சிடுங்க. அதுக்கப்புறம் கைக்கு என்ன வருதோ, அதுதான் ஆரம்பம்."

"என்ன வரும்?"

"தெரியல."

"உனக்கு என்ன வந்துச்சு?"

லைனக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க அப்பா செத்தது எனக்கு மூணு நாள் கழிச்சுத்தான் தெரியும்" என்றாள்.

மூன்றாம் மாடியிலிருந்து யாரோ மணி அடித்தார்கள். லிஃப்ட்காரர் கதவைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றார்.