சாம்பியாவுக்குப் போன பிரம்மநாயகி

கல்லிடைக்குறிச்சி ஆவுடைநாயகத்தின் மகள் பிரம்மநாயகி, தாவரவியலில் எம்.எஸ்ஸி. முடித்தவள். ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் மூலம் சாம்பியாவில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் பாடம் எடுக்கப் போகிறாள், அதுவும் சம்பளமில்லாமல், என்று தெருவில் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. “ஐ.நா. சபையில ஆபீசர்” என்று சொல்லிவைத்தார். ஐ.நா. சபை சாம்பியாவிலா இருக்கிறது என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

பிரம்மநாயகிக்கு மறைக்க ஒன்றும் இல்லை. 1994-இல் விமானம் ஏறும்போது, உலகத்தைப் பாதியாவது திருத்திவிட்டுத்தான் திரும்புவது என்று இருந்தாள்.

போய்ச் சேர்ந்த வாரமே ஊர்த்தலைவரின் மனைவி மேரி பிரி, காலைக் கட்டிய கோழியொன்றைக் கொண்டுவந்து, மண்டியிட்டு, இரண்டு கையாலும் நீட்டினாள். முட்டைகூட நுழையாத சைவ வீட்டில் பிறந்தவள் பிரம்மநாயகி. மறுத்தால் மரியாதையில்லை என்று வாங்கி, கட்டை அவிழ்த்து முற்றத்தில் விட்டாள். அடுத்து இன்னொருத்தி வந்தாள், இன்னொரு கோழியோடு. கொஞ்ச மாதத்தில் முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. முட்டைகளைப் பள்ளி விடுதிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பினாள். ‘இங்கே ஆசிரியர் என்றால் அப்படி ஒரு மதிப்பு’ என்று வீட்டுக்கு எழுதினாள்.

பாடமும் பரவாயில்லாமல் போனது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு அவள் போடும் “சரியா?” மட்டும் பிள்ளைகளுக்கு அத்துப்படியாகி, கிணற்றடி வரைக்கும் பரவியது.

மழைக்காலத்தில் மலேரியா வந்து படுத்தாள். மேரி தன் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து கூடவே தங்கி, உடம்பு துடைத்து, கஞ்சி புகட்டினாள். காய்ச்சல் இறங்கிய அன்று பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

“நீ என்ன தப்பு பண்ணினாய் மகளே? சொல்ல இஷ்டமில்லையென்றால் வேண்டாம்.”

பிரம்மநாயகிக்குப் புரியவில்லை. மேரி விளக்கினாள். கல்யாண வயசுப் பெண், இவ்வளவு படித்தவள். இவளைப் பெற்றவர்கள் சம்பளமில்லாமல் கடல் தாண்டி அனுப்பியிருக்கிறார்கள். இறைச்சியும் தொடுவதில்லை, ஏதோ பிராயச்சித்தம். பாவம், நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஊர் கூடிப் பேசி முடிவு செய்ததாம். நாளைக்குப் பிழைக்க ஒரு வழி வேண்டுமே என்றுதான் அந்தக் கோழிகள்.

பிரம்மநாயகிக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு விலா வலிக்கச் சிரித்தாள். தானாகத்தான் விரும்பி வந்ததாகச் சொன்னாள். காய்ச்சல்காரியின் பேச்சுக்குத் தலையாட்டுவது போல மேரி தலையாட்டினாள்.

அதோடு பிரம்மநாயகி விளக்கம் சொல்வதை விட்டுவிட்டாள். அதுவரை தனக்காக யாரையும் ஒரு குடம் தண்ணீர் தூக்க விடாதவள், கேட்டவர்களை எல்லாம் தூக்க விட்டாள். சாயங்காலம் மேரி வீட்டில் மக்காச்சோளக் களி கிண்டப் பழகினாள். அடிபிடிக்காத நாள் குறைவு. அங்கே கூடும் பெண்களிடம் சண்டை போட்டு, படிப்பை நிறுத்திய அவர்களுடைய மகள்களைத் திரும்பப் பள்ளிக்கு இழுத்துவந்தாள். உலகம் பாதியும் திருந்தவில்லை. அந்த மகள்களில் நாலு பேர் பரீட்சை தேறினார்கள்.

ஊர் திரும்பியதும் சாப்பிடும்போது இதையெல்லாம் சொன்னாள். ஆவுடைநாயகம் புரையேறச் சிரித்தார். அம்மா ஞானம்பாள் சிரிக்கவில்லை.

“நாம பிள்ளைய அடிச்சு வெரட்டுனோம்னா அங்கன பேசிக்கிடுதாவ?” என்று கேட்டாள்.

மறுநாள் தபால் ஆபீசுக்கு ஒரு பெரிய அப்பளப் பார்சல் போயிற்று. நல்ல குடும்பம் என்று அந்த ஊருக்குத் தெரியவேண்டுமாம். போய்ச் சேருவதற்குள் பொடியாகிவிடும் என்று ஆவுடைநாயகம் சொன்னதை ஞானம்பாள் காதில் வாங்கவில்லை. அப்படியேதான் ஆயிற்று. மேரி அதை மசாலாப் பொடி என்று நினைத்துக் கீரையில் போட்டாளாம், ஊருக்கே பிடித்துப்போயிற்றாம். மேரியின் பதில் கடிதத்தில் ஞானம்பாளுக்கென்று ஒரு வரி இருந்தது: “மகளை மன்னித்து வீட்டில் சேர்த்துக்கொண்டதற்கு நன்றி.”

அந்த வருஷமே பிரம்மநாயகிக்கு வள்ளியூரில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. தனியாக வீடு பிடித்துச் சாமான் இறக்கிய அன்று, அடுத்த வீட்டு அக்கா, முன்பின் தெரியாதவள், ஒரு கிண்ணத்தில் ரசம் கொண்டுவந்து தயங்கி நின்றாள். பிரம்மநாயகி கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

“சோறும் இருக்காக்கா?” என்று கேட்டாள்.