வெளிச்சக் கொப்பி

யாழ்ப்பாணத்துக்கு அடுத்த தீவொன்றிலுள்ள மடத்துவெளியில் சத்தியபாமாவை "கொம்பியூட்டர் படிச்ச பிள்ளை" என்றுதான் சொல்வார்கள். கொழும்பில் கணினி இறக்கி விற்ற ஒரு நிறுவனத்தில் மூன்று வருடம் அவற்றைத் திருத்தும் வேலை பார்த்தவள். எண்பத்து மூன்று யூலைக் கலவரத்தில் உடுத்த சேலையோடு கப்பலேறி ஊருக்கு வந்தாள். குருநாகலில் கடை வைத்திருந்த அவளுடைய அண்ணன் வைத்திலிங்கமும், கடை எரிந்து, அதே வாரம் வந்து சேர்ந்தார்.

வேலையில்லாமல் வீட்டில் இருந்த பாமாவை ஒரு யோசனை பிடித்துக்கொண்டது. கணினிக்குள் ஒரு பலகையிலிருந்து மற்றப் பலகைக்குச் செய்தி செப்புக் கம்பியால்தான் ஓடுகிறது. வேகம் கூடக்கூடக் கம்பி திணறும், சூடேறும், பக்கத்துக் கம்பியின் செய்தியையும் குழப்பும். கம்பிக்குப் பதிலாக வெளிச்சம் போனால் என்ன? பழுதான கசற் ரேடியோவில் கழற்றிய சிவப்பு விளக்கொன்றை ஒரு பலகையிலும், வெளிச்சம் பட்டால் மின்சாரம் விடும் துணுக்கொன்றை மற்றதிலும் பொருத்தி, ரோர்ச் பற்றரியில் ஓடவிட்டாள். ஒரு சாண் வெறும் காற்றைத் தாண்டி, இந்தப் பலகையின் துடிப்பு அந்தப் பலகையில் விழுந்தது. குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற அண்ணன் மனைவி இரஞ்சிதத்தைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள்.

கணக்குகளையும் படங்களையும் தடித்த கொப்பியொன்றில் எழுதினாள். இங்கிலாந்தில் இதையே ஆராய்ந்துகொண்டிருந்த பேராசிரியர் ஒருவருக்குக் கடிதம் போட்டாள். கணக்குகளை அனுப்பும்படியும், பார்த்துவிட்டுத் தன் பல்கலைக்கழகத்தில் அவள் படிக்க இடம் கேட்டுப் பார்ப்பதாகவும் பதில் வந்தது.

எண்பத்தாறில் வைத்திலிங்கம் பாஸ்போட் அலுவலாகக் கொழும்புக்குப் புறப்பட்டார். அங்கிருந்து பதிவுத் தபாலில் போடச் சொல்லிக் கொப்பியை அவரிடம் கொடுத்தாள்.

"ஆரும் கேட்டா என்னெண்டு சொல்லுறது, பிள்ளை?"

"வெளிச்சத்திலை செய்தி போற விசயம், அண்ணை. ரெண்டு கம்பி முட்டினா எல்லாம் கெட்டுப்போகும். ரெண்டு வெளிச்சம் குறுக்காலை போனாலும் ஒண்டையொண்டு இடிக்காது."

"நல்ல சாமான்தான்" என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறினார்.

நாலாம் நாள், அதே பயணத்தில் போன ஊரவர் அப்புத்துரை வீட்டுக்கு வந்தார். உட்காரக் கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை.

"வழியிலை ஆமிக்காரர் சோதனைக்கு எல்லாரையும் பஸ்ஸாலை இறக்கினவங்கள். கொப்பியை விரிச்சுப் பாத்திட்டு, குண்டுப் படமோ, ஆர் கீறினதெண்டு அடிச்சுக் கேட்டாங்கள்."

"அண்ணை என்ன சொன்னவர்?" பாமா கேட்டாள்.

"தான்தான் கீறினதெண்டார். அப்ப விளங்கப்படுத்து எண்டாங்கள். வெளிச்சம் வெளிச்சத்தை இடிக்காது, வெளிச்சம் வெளிச்சத்தை இடிக்காதெண்டு அதையே சொல்லிக்கொண்டு நிண்டவர். அவரை மட்டும் ஏத்திக்கொண்டு போட்டாங்கள்."

எட்டாம் வகுப்போடு கடைக்குப் போன மனிதர். அந்த ஒரு வசனத்துக்கு மேல் அவரிடம் என்ன இருந்திருக்கும்!

பாமாவும் இரஞ்சிதமும் இராணுவ முகாம் முகாமாக ஏறி இறங்கினார்கள். "ஐயா, கொப்பி என்ரை. ஒரு தாள் தாங்கோ, இப்பவே கீறிக் காட்டுறன்" என்று பாமா கெஞ்சினாள். அந்தப் பெயரில் ஒருவரும் இல்லை என்றார்கள்.

கணக்குகள் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டுப் பேராசிரியரின் இரண்டாவது கடிதம் வந்தது. ஒரு வரி எழுதினாள். அதையும் கிழித்துப்போட்டாள். பலகைகளை அவள் பிறகு தொடவேயில்லை.

தொண்ணூற்றொன்றில் தீவு முழுக்க இடம்பெயர்ந்தபோது இருவரும் யாழ்ப்பாணத்தில் ஓர் அறையில் ஒதுங்கினார்கள். ஐந்து வருடமாகச் சொல்லாததை அங்கேதான் பாமா சொன்னாள்.

"மச்சாள், என்னாலைதான் அண்ணை…"

இரஞ்சிதம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை நிறுத்தவில்லை.

"தெரியும். உம்மடை பேரைச் சொல்லிப்போட்டு அவர் தப்பி வந்திருந்தா நான் கதவு திறந்திருக்கமாட்டன்." கல்லொன்றைப் பொறுக்கி எறிந்துவிட்டு, "எண்டாலும் பாமா, சில நாளையிலை உம்மடை முகத்தைப் பாக்க எனக்கு ஏலாமக் கிடக்கு" என்றாள்.

பாமா தலையாட்டினாள். அடுத்த நாள், காணாமற்போனவர்களின் விவரம் பதியும் இடத்துக்கு இருவரும் ஒரே குடையில் போனார்கள். படிவத்தில் பிடிபட்ட காரணம் கேட்ட இடத்தில் பாமா, 'என்னுடைய கொப்பி' என்று எழுதினாள். இரஞ்சிதம் எட்டிப் பார்த்தாள். வெட்டச் சொல்லவில்லை.