நாக்கில் ஊறாத தண்ணீர்

ஹட்டன் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சோமசுந்தரத்தின் மனைவி சீதாலெட்சுமிக்கு, மாரியம்மன் கோயில் அன்னதானத்துக்குச் சாம்பார் வைப்பதென்றால் உயிர். அம்மனுக்குப் படைக்கும் முன் யாரும் ருசி பார்க்கக் கூடாது. அதனால் அண்டாவின் ஆவியை மோந்து பார்ப்பாள்; நாக்கில் தண்ணீர் ஊறினால் உப்பு சரி. ஒரு வருஷமும் பிசகியதில்லை. அந்தக் கர்வம் அவளுக்கு நிறையவே உண்டு.

இந்த வருஷத் திருவிழாவில் அந்த நாக்குதான் காலை வாரிவிட்டது. மணம் வந்தது, நாக்கு வறண்டு கிடந்தது. இன்னொரு கை உப்பு போட்டாள். அப்புறமும் ஒரு கை. பந்தியில் முதல் கவளத்தோடு எல்லாரும் தண்ணீர் கேட்டார்கள். கோயில் தலைவர் நல்லமுத்து பக்கத்தில் வந்து, "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குங்கம்மா" என்று மெல்லச் சொன்னார். மனுஷன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்!

வீட்டுக்கு வந்ததும், நீரிழிவுக்கு வாராவாரம் போடச் சொல்லிப் புது ஊசி கொடுத்த நுவரெலியா டாக்டருக்குப் போன் போட்டுக் கத்தினாள். "சீனி வருத்தத்துக்குத்தானே ஊசி குடுத்தீங்க? என் நாக்கை ஏன் சாகடிச்சீங்க?"

"நாக்குக்கு ஒண்ணுமில்லம்மா. சாப்பிட்டதும் குடல்ல ஒரு ஹோர்மோன் சுரந்து, மூளைக்குப் போதும்னு சொல்லும். இந்த ஊசியும் அதைத்தான் செய்யுது. இன்சுலினைச் சுரக்க வைக்கும், இரைப்பை மெதுவா காலியாகும், மூளையில சாப்பாட்டு ஆசையும் அடங்கும். சிலருக்கு மணம் தெரியும், ஆசை வராது."

"ஆசையில்லாம எப்படிங்க சமைக்கிறது?" என்று போனை வைத்தாள்.

மறுநாள் இரண்டாவது அன்னதானம். ஊசி போடும் நாளும் அதுவே. "இந்த வாரம் போடாம விடேன்" என்றார் சோமசுந்தரம். விட்டுவிடலாம்தான். ஆனால் ஆறாமலே கிடந்த கால்விரல் புண் சீனி இறங்கிய பிறகுதான் மூடியது. அவளுடைய அக்காவுக்கு இதே மாதிரிப் புண் விரலோடு நிற்காமல், முழங்கால்வரை காலையே எடுக்க வைத்தது. "சனியனே!" என்று ஊசியைத் திட்டிக்கொண்டே வயிற்றில் குத்திக்கொண்டாள்.

கோயிலில் அண்டா கொதித்தது. மோந்தாள். ஒன்றும் ஊறவில்லை. கை தன்பாட்டில் உப்பை அள்ளிவிட்டது. ச்சே, என்ன பிழைப்பு இது!

அண்டா பக்கம் அவள் யாரையும் விட்டதேயில்லை. ரசத்துக்குத் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்த மருமகள் ரஜிதாவைப் பார்த்து, "ஏய், இங்க வா. மோந்து பாரு" என்று அதட்டினாள்.

ரஜிதா பயந்துகொண்டே குனிந்தாள்.

"என்ன முழிக்கிற? வாயில தண்ணி ஊறுதா, இல்லையா?"

"ஊறுதுங்க அத்தை."

"அப்ப உப்பு போதும். இறக்கு."

கையில் அள்ளிய உப்பைத் திரும்ப உப்புச் சட்டியிலேயே உதறினாள். அகப்பையை ரஜிதாவின் கையில் திணித்துவிட்டு, அவள் விட்டுவந்த அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்து தக்காளி நறுக்கத் தொடங்கினாள்.