குளோரின் வாளியும் நான் சொன்ன பொய்யும்

இரண்டு வருடங்களுக்கு முன், ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, புதுச்சேரி சாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது. வெளியாட்கள் யாரிடமும் இதுவரை முழுதாகச் சொன்னதில்லை.

என் கணவரின் அண்ணன் குடும்பத்தோடு பிரான்சில் இருக்கிறார். வருடா வருடம் பிள்ளைகளின் விடுமுறைக்கு இங்கே வருவார்கள். பிள்ளைகள் குளிப்பதற்காக அவர்தான் வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு நீச்சல் குளம் கட்டினார். மற்ற மாதங்களில் அது எங்கள் பொறுப்பு. உண்மையில் வைத்திக்குப்பத்திலிருந்து ஒருவர் வாரம் இரண்டு முறை வந்து மருந்து போட்டுச் சுத்தம் செய்துவிட்டுப் போவார். ஆனால் வீடியோ காலில் ஓரகத்தி கேட்கும்போதெல்லாம், "எல்லாம் நானே பாத்துக்கறேன்க்கா" என்று பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன். அவர் ஆச்சரியப்படுவது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வாரம் குளத்துக்காரர் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போய்விட்டார். போவதற்கு முன் என்னை மோட்டார் ரூமுக்கு அழைத்துப்போய்க் காட்டினார். "பவுடர் வேற, ஆசிட் வேற மேடம். ரெண்டையும் ஒண்ணா சேக்கவே கூடாது. ஒரே வாளி, ஒரே மக்கு கூட ஆவாது. மருந்த தண்ணில போடணும். மருந்து மேல தண்ணிய ஊத்தக் கூடாது." நான் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். பவுடர் கொட்டுவதற்கு இவ்வளவு பாடமா என்று மனதுக்குள் அலட்சியம்.

இரண்டு நாள் மழையில் தண்ணீர் பச்சையாகிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் குடும்பத்தார் வந்து இறங்குகிறார்கள். காலையில் கணவர் கடைக்குப் போயிருந்தார். நான் மோட்டார் ரூமுக்குள் போய், ஒரு வாளியில் குளோரின் பவுடரை அள்ளிப் போட்டு, அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். எதற்கு இரண்டு தடவை நடப்பது என்று, கேனிலிருந்த ஆசிட்டையும் அதிலேயே சாய்த்தேன்.

வாளி குபுகுபுவென்று பொங்கியது. மஞ்சளும் பச்சையுமாக ஒரு புகை எழுந்தது. தொண்டையை யாரோ இறுக்கிப் பிடித்ததுபோல மூச்சு நின்றது, கண் எரிந்தது. கேனைப் போட்டுவிட்டு அலறிக்கொண்டே வீட்டின் பக்கவாட்டுச் சந்து வழியாக வாசலுக்கு ஓடினேன். அங்கிருந்த குழாயைத் திறந்து முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

மூச்சு திரும்பி, நான் பின்பக்கம் வந்து பார்த்தபோது மோட்டார் ரூமுக்கு வெளியே எங்கள் வேலைக்கார அக்கா குந்தியிருந்தார். ஒன்பது வருடமாக எங்கள் வீட்டில் வேலை செய்பவர். சமையலறையில் இருந்தவர் எப்போது அங்கே வந்தார் என்று தெரியவில்லை. இருமி இருமி அவருக்கு மூச்சே எடுக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு உடனே ஆக்ஸிஜன் வைத்தார்கள். இளவயதுப் பெண் டாக்டர் என்னிடம் கேட்டார். "என்ன ஆச்சு? எதையாவது கலந்தாங்களா?"

"ஆமா டாக்டர். நீச்சல் குளத்துக்குப் போடற குளோரினையும் ஆசிட்டையும் ஒண்ணா கலந்துட்டாங்க" என்று அக்காவைக் கை காட்டினேன்.

அவ்வளவுதான். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. டாக்டர் அக்காவைப் பார்த்து, "ஏம்மா, தெரியாத மருந்தையெல்லாம் தொடலாமா? உயிரே போயிருக்கும்" என்று கடிந்துகொண்டார். மாஸ்க்குக்கு மேலே அக்காவின் கண்கள் ஒருமுறை என்னைப் பார்த்தன. பிறகு டாக்டரைப் பார்த்து, ஆமாம் என்பதுபோலத் தலையசைத்தார்.

துணிக்கடையில் வேலை செய்யும் அவருடைய மகள் அழுதுகொண்டே ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அம்மாவைத்தான் திட்டினாள். "டப்பால என்னா எழுதியிருக்குன்னு படிக்கத் தெரியுமா ஒனக்கு? ஏம்மா அத போயி தொட்ட?" நான் ஹேண்ட்பேக்கைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றிருந்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அக்காவுக்கு மூச்சு சீரானது. மாஸ்க்கை லேசாக விலக்கி, மகளைச் சமாதானப்படுத்துவதுபோலச் சொன்னார். "அழுவாத. வீட்டம்மா கத்துனாங்கடி. உள்ள மாட்டிக்கினாங்கன்னு நெனச்சி போயிட்டேன். பொகையில கண்ணு தெரில. தடவித் தடவிப் பாத்தேன், அவங்க இல்ல."

மகள் அழுகையை நிறுத்தினாள். "நீ கலந்திருந்தா அவங்க எப்பிடிம்மா உள்ள இருப்பாங்க?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். மகள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நான்தான் கலந்தேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. டாக்டரிடம் போய் மறுபடியும் சொன்னேன். எழுதியதை அடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "அப்போ நீங்களும் அந்தப் புகைய இழுத்திருக்கீங்க. உக்காருங்க" என்று ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார். திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

இரண்டு நாள் வைத்திருந்து அக்காவை அனுப்பினார்கள். பிரான்சிலிருந்து வந்தவர்களிடம் குளத்தைப் பார்த்துக்கொள்வது நானில்லை என்பதையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வாரம் யாரும் குளத்தில் இறங்கவில்லை. திரும்பி வந்த குளத்துக்காரர், "அவ்ளோ சொன்னேனே மேடம்" என்றதோடு சரி. ஆசிட் கேனைத் தூக்கிக்கொண்டு போய், பவுடர் இருந்த இடத்திலிருந்து வெகு தள்ளி வைத்துப் பூட்டினார்.

அக்காவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பயத்துல வாய் தவறி வந்துடுச்சி. உடும்மா" என்றார். ஒரு மாதம் கழித்து மறுபடி வேலைக்கும் வந்தார். தினமும் காலையில் மகள்தான் ஸ்கூட்டியில் கொண்டுவந்து விடுகிறாள். நான் வாசலில் நின்றால் வேறு பக்கம் பார்ப்பாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

பயத்தில் சொன்னதாக அக்கா இன்னும் நம்புகிறார். ஆனால் டாக்டர் கேட்ட அந்த நொடியில், இவர் என்னை மறுத்துப் பேசமாட்டார் என்று நன்றாகத் தெரிந்துதான் நான் கை நீட்டினேன், அதை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் அவர் முகத்தை நேராகப் பார்க்க என்னால் முடியவில்லை.